ஆறு முப்பத்தெட்டு

வேலைக்கு உட்காருமுன் சூயுவே அக்கா சமையலறைக் குழாயடியில் நின்று இடது மணிக்கட்டில் சோப்பைக் குழைத்துப் பூசுவார். பிறகு பச்சைக்கல் வளையலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றுவார். புறங்கை எலும்பில் அது ஒரு கணம் சிக்கும். அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். கழற்றிய வளையல் ஒரு சோற்றுக் கிண்ணத்துக்குள் போகும். துண்டை எடுத்துச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் துடைப்பார், விரலிடுக்குகளைக்கூட விடமாட்டார். கறுப்புச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்து, பத்து விரல்களையும் ஒரு முறை உதறிவிட்டு, கேமராவின் முன் உட்காருவார். அப்போது மதியம் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்.

காது கேளாதவர்கள் வீடியோவில் அவரை அழைத்துக் கைகளால் பேசுவார்கள். மறுமுனையில் தொலைபேசியில் இருக்கும் ஆளுக்கு அக்கா அதை வாயால் சொல்வார். அந்த ஆள் சொல்வதைத் திரும்பக் கையால் சொல்வார். ஆஸ்பத்திரி, வங்கி, வீட்டுக்காரர், கோபித்துக்கொண்டு போன மனைவி, எல்லாப் பேச்சும் அந்தப் பத்து விரல்கள் வழியாகத்தான் போய் வந்தன.

இந்த வேலைக்காகவே பிறந்தவர் என்று அவரைச் சொல்லலாம், ஆனால் வேலை கிடைக்க நாற்பத்தேழு வயதானது. அப்பா அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசியிருக்கிறார், அம்மாவின் கை சொல்லச் சொல்ல. ஒன்பது வயதில் அப்பாவின் நுரையீரலைப் பற்றி டாக்டர் சொன்னதை அப்பாவுக்கே கையால் சொல்லியிருக்கிறார். "அன்னிக்கு ஒரு வார்த்தையை மட்டும் மாத்திச் சொன்னேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. பள்ளி முடித்ததும் மின்விசிறித் தொழிற்சாலையில் சேர்ந்து இருபத்தொரு வருடம் திருகாணி முடுக்கினார். தொழிற்சாலை கடல் தாண்டி இடம் மாறியபோது, சைகை மொழிபெயர்ப்பாளர் தேர்வு எழுதினார். மூன்று முறை தோற்றார். அவருடைய கைகள் வீட்டுப் பேச்சு பேசுகின்றன, புத்தகப் பேச்சு பேசவில்லை என்றார்களாம். நான்காவது முறை தேறினார்.

அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. அவரைத் தனியே விட்டு அக்காவால் வெளியே போக முடியாது. அதனால் வீட்டிலிருந்தே பார்க்கும் இந்த வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் பன்னிரண்டு அழைப்புகள் பாதியில் அறுந்தால், வீட்டில் இருந்து வேலை இல்லை. தொலைவில் தைச்சுங் நகரத்தில் இருக்கும் அழைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். தைச்சுங் என்றால் வேலையை விடுவது என்றே அர்த்தம்.

இரண்டாவது மாத முடிவில் ஒன்பது அழைப்புகள் அறுந்திருந்தன.

நான் அதே கட்டடத்தில் மொட்டை மாடித் தகர அறையில் இருக்கிறேன். கண்ணாடி வில்லை தேய்க்கும் பட்டறையில் காலை வேலை; நாலு மணிக்குத் திரும்பிவிடுவேன். அக்காவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவர் இணையத்தின் கடவுச்சொல் எனக்கு. மாலையில் அவர் வீட்டுக் குப்பையை இறக்குவது என் பொறுப்பு. எங்கள் ஊரான சான்சோங்கில் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும்போது சந்து முனையில் பையோடு நிற்காதவன், அடுத்த வண்டி வரும்வரை தன் மீன்தலைகளோடு குடியிருக்க வேண்டியதுதான். அக்கா அந்த நேரம் கேமராவின் முன் இருப்பார்.

இணைப்பைச் சரிசெய்ய நாங்கள் செய்யாதது இல்லை. இணையப் பெட்டியைக் குளிர்பெட்டி மேலிருந்து இறக்கி அலமாரியில் வைத்தோம். மீன்தொட்டியை வேறு அறைக்கு மாற்றினோம். வாடிக்கையாளர் சேவைப் பெண் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கி முப்பது எண்ணிச் செருகினோம். ஒரு நாளைக்கு நாலு தடவை. அக்கா பச்சைப் பொட்டலத் தின்பண்டம் ஒன்றை வாங்கிவந்து பெட்டியின் தலையில் வைத்தார். இங்கே எந்த இயந்திரமும் ஒழுங்காக நடந்துகொள்ள அதைத்தான் வைப்பார்கள், ஆஸ்பத்திரியில்கூட. காலாவதித் தேதியையும் பார்த்துத்தான் வாங்கினார். பத்தாவது அழைப்பு அறுந்தது.

அது ஓர் இளம் தாயின் அழைப்பு. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று மருத்துவமனையில் கேட்டுச் சொல்ல வேண்டும். நர்ஸ் சொன்னதை அக்கா கையில் எடுத்து, "இரண்டு" என்று காட்டினார். "அரை" என்று காட்டுமுன் படம் உறைந்துவிட்டது. மூன்று நிமிடம் கழித்து இணைப்பு வந்ததும் அந்தப் பெண்ணை அக்காவே திரும்ப அழைத்துச் சொன்னார். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். நான் குப்பைப் பையை எடுக்க வந்தவன் வாசலிலேயே நின்றேன். அவர் அம்மா என்னைப் பார்த்து உள்ளங்கையை மெதுவாகக் கீழே அமர்த்திக் காட்டினார். இரு, வருவாள் என்று அர்த்தம்.

பான் என்கிற லைன்மேன் மூன்று முறை வந்தார். ஐம்பதைத் தொட்ட ஆள். இடுப்புப் பட்டையில் இருக்கும் கருவிகளைவிட வாயில் வெற்றிலைப்பாக்கு அதிகம். ஒவ்வொரு முறையும் காலை பத்து மணிக்கு வருவார், மீட்டரைச் செருகுவார், உதட்டைப் பிதுக்குவார்.

"அக்கா, லைன் கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல முகம் பாத்துத் தலை சீவலாம்."

"அப்போ என்ன, நான் கனவு கண்டேனா மாஸ்டர்?"

"அப்படிச் சொல்லுவேனா? மேல் மாடிக்காரங்க படம் பாக்கறாங்களோ என்னவோ." என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பி?"

"அவனா? அவன் கவிதை படிக்கிறவன். ஒரு பக்கம் புரட்ட ஒரு வாரம் ஆகும். அவனால லைன் அடைக்காது."

மூன்றாவது முறை பான் கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு செய்யுங்க. நீங்க பேசிட்டு இருக்கும்போது அறுந்தாத்தான் உங்களுக்குத் தெரியுது. சும்மா இருக்கும்போதும் அறுந்திருக்கும்ல? பெட்டியில பச்சை விளக்கு சிவப்பாகற நேரத்தையெல்லாம் ஒருத்தர் எழுதி வைங்க. பத்து நாள்."

அந்த ஒருத்தர் அக்காவின் அம்மா. எங்கள் எல்லாரையும்விடக் கண் கூர்மையானவர் அவர்தான். மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கால்களைச் செருப்பில்லாமல் தரையில் வைத்து, மடியில் பழைய நாட்காட்டித் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நாளில் பதினோராவது அழைப்பும் அறுந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்.

பான் நான்காவது முறை வந்து அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். பென்சிலில் பெரிய பெரிய எண்கள். திங்கள் 6:38, 6:57. செவ்வாய் 6:38, 6:55. புதன் ஒன்றுமில்லை. வியாழன் 6:38, 6:58. வெள்ளி, சனி அதேபோல் இரண்டிரண்டு. ஞாயிறு ஒன்றுமில்லை. மறுபடி திங்கள் 6:38.

பான் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"தம்பி, புதனும் ஞாயிறும் எது கிடையாது இந்த ஊர்ல?"

என் கழுத்து சூடாகிவிட்டது. எங்கள் தெருவில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். "குப்பை வண்டி" என்றேன்.

"ஆறே முக்காலுக்கு இந்தச் சந்துல வீட்டுக்குள்ள யார் இருப்பா?"

"யாரும் இல்லை."

"அதான் ஒருத்தனும் புகார் குடுக்கல. அஞ்சு மாடியும் கீழே பையைத் தூக்கிட்டு நிக்குது, இன்டர்நெட் செத்தா யாருக்குத் தெரியும்? எங்க கம்பெனியும் அந்த நேரத்துக்கு ஆள் அனுப்பாது, வீட்ல யாரும் இருக்க மாட்டாங்கன்னு. நானும் அப்போ எங்க சந்து முனையில நாலு பையோட நிப்பேன். நல்லா இருக்கு போங்க!"

அன்று மாலையே வருவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடி ஆறேகாலுக்கு வந்தார், சட்டை நனைந்து. மழை.

"எங்க வீட்டுக் குப்பையை இன்னிக்கு என் பொண்டாட்டி இறக்கறா. உங்க லைனுக்காக எனக்கு ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கற தண்டனை. நினைவு வெச்சுக்கோங்க."

நானும் அன்று குப்பையை விட்டுவிட்டேன். வண்டியின் ஒலிபெருக்கிதான் குற்றவாளி என்பது என் கட்சி. பாட்டு சந்துக்குள் நுழைந்ததும் மீட்டர் விழும் என்று நான் ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா ஓர் அழைப்பில் இருந்தார், யாருக்கோ பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு. நல்ல வேளை, ஆறு முப்பத்தைந்துக்கு அது முடிந்தது. திரை காலியாக இருந்தது. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

மழையால் வண்டிக்குத் தாமதம். பாட்டு எங்கும் இல்லை. ஆறு முப்பத்தெட்டு. மீட்டரின் எண்கள் சரிந்தன, பெட்டி சிவந்தது.

அதே கணம் அம்மாவின் கை உயர்ந்தது. அவர் பெட்டியைப் பார்க்கவேயில்லை. தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் இடுப்பிலிருந்து மெல்ல மேலே தூக்கினார், கனமான எதையோ சுருட்டுவதுபோல. பிறகு தரையைக் காட்டினார்.

அக்கா நாற்காலியில் இருந்து எழுந்தார். "கீழே கதவுன்னு சொல்றாங்க. கீழ்வீட்டுக் கோ அண்ணன் இரும்புக் கதவைத் தூக்கறார்னு."

நான் படியில் இறங்கி ஓடினேன். கீழ்த்தளத்தில் கோ பெரியப்பா சுவரில் இருந்த பொத்தானை அழுத்தியபடி நிற்க, இரும்புச் சுருள்கதவு முனகிக்கொண்டு பாதி உயரம் போயிருந்தது. முன்பு அங்கே அவருடைய டயர் கடை. இப்போது தெருவின் அட்டைப்பெட்டிகளையெல்லாம் அவர்தான் சேர்க்கிறார். குப்பை இறக்க வருகிறவர்கள் பழைய அட்டையை அவர் வண்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்காகத்தான் வண்டி வரும் நாளெல்லாம் கதவு ஏறும்; கூட்டம் கலைந்ததும் இறங்கும். ஒரு தடவை ஏற, ஒரு தடவை இறங்க.

திரும்பி மேலே வந்தபோது அக்கா அம்மாவின் முன் மண்டியிட்டுக் கைகளால் வேகமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். அக்கா சிரிப்பும் அழுகையுமாக எங்கள் பக்கம் திரும்பினார்.

"தெனமும் தெரியுமாம். கதவு ஏறும்போதெல்லாம் தரை அவங்க காலுக்குச் சொல்லுமாம். விளக்கும் அப்பவே சிவக்குமாம். ஏன் சொல்லலைன்னு கேட்டேன். 'நேரம் மட்டும் எழுதுன்னு சொன்னே, வேற எதாவது என்னை யாராவது கேட்டீங்களா?'ங்கறாங்க."

பான் அம்மாவுக்கு இரண்டு கட்டை விரல்களையும் தூக்கிக் காட்டினார். "மீட்டரை இவங்ககிட்டக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போலாம்."

கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் தெளிந்தது. இருபது வருடம் முன்பு யாரோ சோம்பேறி, அக்கா வீட்டுக்கான தொலைபேசிக் கம்பியைக் கோ பெரியப்பாவின் கதவுப்பெட்டி வழியாக இழுத்திருக்கிறான். மோட்டாரோடு ஒட்டி உறவாடிக்கொண்டு கிடந்தது அது. பழைய மோட்டார் சுற்றும்போதெல்லாம் அதன் இரைச்சல் கம்பிக்குள் இறங்கியது. பான் கைக்கெட்டிய ஓர் இணைப்பை மட்டும் முறுக்கிவிட்டு, கம்பியை மாற்றக் கம்பெனி உத்தரவு வேண்டும், பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்.

மையத்தில் அந்த நேரத்துக்கு விடுப்புக் கேட்டாயிற்று. மாலை மருத்துவமனைகள் திறக்கும் நேரம், அழைப்பு குவியும் நேரம், எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். கைப்பேசி இணைப்பு விதிப்படி ஆகாது. எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் அக்கா கீழே போய்க் கோ பெரியப்பாவிடமே கேட்டார்.

"அண்ணே, ஒன்பதே நாள். மதியம் ஒண்ணரைக்கே கதவைத் தூக்கி வெச்சிடுங்க, எட்டு மணிக்கு மேல இறக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மழைக் காலத்துல நாள் பூராவும் திறந்து வெச்சா சாரல் அடிக்கும். ஊறின அட்டையை யார் எடுப்பா? உன் மையமா?"

"ஒரு தார்ப்பாய் போட்டுக்கலாம் அண்ணே, நான் வாங்கித் தரேன்..."

"என் கதவு இருபத்திரெண்டு வருஷமா ஏறி இறங்குது. உன் பெட்டி நேத்து வந்தது. நேத்து வந்தவன் முன்னாடி வந்தவனை எழுந்திருக்கச் சொல்றானாம்!" அவர் குரல் சந்து முழுக்கக் கேட்டது. சந்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மோட்டார் கெட்டதுன்னு சொல்றியா? நானே எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்!"

"மோட்டாரைக் குத்தம் சொல்லலைண்ணே..."

"பின்ன யாரை? என்னையா?"

அக்கா தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு மேலே வந்தார். படியில் எனக்கு முன்னால் போனவர் இரண்டாவது திருப்பத்தில் நின்று, "அவர் மேல தப்பில்லை. எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அன்று இரவே தைச்சுங்கில் வாடகை என்ன என்று யாரிடமோ தொலைபேசியில் விசாரித்தார்.

மறுநாள் ஆறரை மணிக்கு அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது, நீளமானது. ஒரு முதியவரும் காப்பீட்டு நிறுவனமும். குப்பைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அறைக்குள்ளேயே நின்றேன். ஆறு முப்பத்தேழு. அக்காவின் கைகள் ஓடிக்கொண்டிருந்தன, நெற்றியில் மட்டும் வியர்வை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. பச்சை. வண்டிப் பாட்டு கேட்டதும் நான் இறங்கினேன். கீழே கதவு ஏற்கெனவே முழுக்க ஏறியிருந்தது. கோ பெரியப்பா அட்டை வண்டிக்குப் பக்கத்தில் நின்றார், என்னைப் பார்க்காமல்.

அன்று அறவில்லை. அடுத்த நாளும் இல்லை. பான் முறுக்கிவிட்டுப் போன இணைப்புதான் காரணம் என்று முடிவு செய்தோம். தொலைபேசியில் கேட்டபோது பானும் அதை மறுக்கவில்லை. "என் கை ராசி அக்கா" என்றார். ஆனாலும் ஒவ்வொரு மாலையும் ஆறு முப்பத்தெட்டுக்கு அக்காவின் தோள் தானாக உயர்ந்துகொள்ளும். ஏழு மணிக்குத்தான் இறங்கும்.

ஒன்பதாம் நாள் எட்டு மணிக்கு மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது. வேலை உறுதி, வீட்டிலிருந்தே தொடரலாம். அக்கா அதை அம்மாவுக்குக் கையால் சொன்னார். அம்மாவுக்குப் போதவில்லை, மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது அக்காவின் விரல்கள் தொழிற்சாலையில் கற்ற ஒழுங்கையும் தேர்வுக்குக் கற்ற ஒழுங்கையும் விட்டுவிட்டன. அது வீட்டுப் பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கெட்ட காலம் கழிந்ததற்குப் பன்றிக்கால் சேமியா சமைத்தார். எனக்கு ஒரு கிண்ணம், பானுக்கு ஒரு டப்பா. கோ பெரியப்பாவுக்கும் ஒரு பெரிய பாத்திரம். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "உப்பு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் கழித்துப் பான் உத்தரவோடு வந்து கம்பியைப் பின்சுவர் வழியாக மாற்றினார். அதற்குப் பிறகு கதவு இஷ்டப்படி ஏறி இறங்கியது, பெட்டி பச்சையாகவே இருந்தது.

பிறகு குளிர்காலம் வந்தது. ஒரு நாள் கோ பெரியப்பாவின் மனைவி என்னைச் சந்தில் நிறுத்தி, மருந்துக் கடையில் வலிப் பிளாஸ்திரி இரண்டு பொட்டலம் வாங்கி வரச் சொன்னார்.

"பெரியப்பாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். அந்த ஒன்பது நாள்ல பிடிச்சது, குளிர்ல விடமாட்டேங்குது."

எந்த ஒன்பது நாள் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். சத்தம் போட்டுவிட்டு வந்த அன்று இரவே பெரியப்பா மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அணைத்திருக்கிறார். மறுநாளில் இருந்து மாலை ஆறேகாலுக்கே இருவரும் கதவுப்பெட்டியில் தொங்கும் கைச்சங்கிலியைப் பிடித்து, அவர் இருபது இழுப்பு, இவர் இருபது இழுப்பு என்று மாற்றி மாற்றி இழுத்துத்தான் கதவை ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் மாடியேறிய பிறகு அதே சங்கிலியால் இறக்கியிருக்கிறார்கள்.